பிள்ளைகள் பள்ளியை முடித்த பிறகும் தொடக்கப் பள்ளி பாண்டுக்கு ஏன் வாக்களிக்க வேண்டும்?

கேள்வியை முதலில் சுருக்கமாகத் தருகிறேன். கேட்டவர் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருபது ஆண்டுகளாகக் குடியிருப்பவர். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். பிள்ளைகள் இருவரும் கல்லூரியை முடித்துவிட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வீட்டுக்கு ஆண்டுதோறும் 18 ஆயிரம் டாலருக்கு மேல் சொத்து வரி கட்டுகிறார். இப்போது அவருடைய ஊரின் தொடக்கப் பள்ளி மாவட்டம், அதாவது அவ்வூர்ப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு, பழைய பள்ளிகளைப் புதுப்பிக்கவும் சில கட்டடங்களைப் புதிதாகக் கட்டவும் ஒரு பாண்ட் தீர்மானத்தை வாக்குச்சீட்டில் வைத்திருக்கிறது. பாண்ட் என்பது கடன் பத்திரம்; அந்தக் கடனை ஊரிலுள்ள வீட்டுக்காரர்கள் கூடுதல் சொத்து வரியாகத் திருப்பிக் கட்டுவார்கள். "இவ்வளவு வரி கட்டியும் பள்ளிக்குப் பணம் இல்லையென்றால், அந்தப் பணம் எங்கே போகிறது? நான் ஏன் இன்னும் கொடுக்க வேண்டும்?" என்பது அவருடைய கேள்வி.

ஒரு பள்ளி மாவட்டத்தின் பாண்ட் கண்காணிப்புக் குழுவில் சில ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவன் என்ற முறையில் இதற்கு விடை எழுதுகிறேன். ஆதரித்து வாக்களியுங்கள் என்பதுதான் என் கருத்து. ஆனால் அந்தக் கருத்தை விடவும், எதை ஆதரிக்கிறீர்கள், அதற்கு நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்கள், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு கொடுக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு வாக்களிப்பது முக்கியம். ஆதரவு திரட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைத் திறந்து காட்டுவதில்லை. அதனால்தான் நல்ல தீர்மானங்களின் மீதும் சந்தேகம் விழுகிறது.

நீங்கள் கட்டும் சொத்து வரி எங்கே போகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1978-இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு, அடிப்படைச் சொத்து வரியை மதிப்பீட்டு மதிப்பில் (வரிக்காக வீட்டுக்குக் குறிக்கப்படும் மதிப்பில்) 1 விழுக்காடு என்று கட்டிப்போட்டது. வீடு கைமாறாதவரை அந்த மதிப்பீடு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக் கூடாது என்றும் சொன்னது. அந்த 1 விழுக்காட்டைக் கவுண்டி எனப்படும் வட்டார நிர்வாகம், நகராட்சி, தீயணைப்பு போன்ற தனிப் பணிகளுக்கான சிறப்பு மாவட்டங்கள், பள்ளிகள் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பள்ளிக்கு வரும் பங்கும், மாநிலம் மாணவர் எண்ணிக்கையைக் கணக்கிட்டுத் தரும் பணமும் ஆசிரியர் சம்பளம், பேருந்து, புத்தகம், மின்கட்டணம் போன்ற அன்றாடச் செலவுக்கே சரியாகிவிடுகின்றன. கட்டடத்துக்கு என்று ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் பெரிய தொகை எதுவும் அதில் இல்லை. கூரை ஒழுகினால் ஒட்டுப்போடலாம். கூரையையே மாற்ற வேண்டுமென்றால் கடன்தான் வழி. அந்தக் கடனை வாங்க வாக்காளரின் சம்மதம் வேண்டும். அதாவது, "ஏற்கெனவே கொடுத்த பணத்தில் கட்டியிருக்கலாமே" என்ற எண்ணம் இயல்பானது என்றாலும், அந்தப் பணம் வரும் குழாயும் கட்டடப் பணம் வரும் குழாயும் வெவ்வேறு.

1978-க்குப் பிறகு சில ஆண்டுகள் உள்ளூர் அமைப்புகள் இத்தகைய பாண்டுகளை வெளியிடவே முடியாமல் இருந்தது. 1986-இல் இன்னொரு முன்மொழிவு வழியாக அந்த உரிமை திரும்பக் கிடைத்தது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை என்பது நிபந்தனை. நூறு பேரில் 65 பேர் ஆதரித்தும் பள்ளிப் பாண்ட் தோற்றுப்போன காலம் அது. 2000 நவம்பரில் நிறைவேறிய 39-ஆம் முன்மொழிவு அந்தத் தேவையை 55 விழுக்காடாகக் குறைத்தது. குறைத்ததற்கு ஈடாகச் சில கடிவாளங்களையும் சேர்த்தது. பணம் எந்தெந்த வேலைக்கு என்ற பட்டியலை முன்கூட்டியே வெளியிட வேண்டும். ஆசிரியர், நிர்வாகிகள் சம்பளத்துக்கு ஒரு காசு கூடத் தொடக் கூடாது. ஆண்டுதோறும் நிதித் தணிக்கையும் செயல்பாட்டுத் தணிக்கையும் நடக்க வேண்டும். குறைந்தது ஏழு பேர் கொண்ட குடிமக்கள் கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும். உங்கள் ஊர்த் தீர்மானம் 55 விழுக்காட்டு விதியின் கீழ் வருகிறது என்றால் இவை அனைத்தும் அதற்குப் பொருந்தும்.

இனி உங்கள் பங்கு. தொடக்கப் பள்ளிகளை மட்டும் நடத்தும் மாவட்டமாக இருந்தால், ஒரு தேர்தலில் நிறைவேறும் பாண்டுக்கான வரி, மதிப்பீட்டு மதிப்பில் ஒவ்வொரு 1 லட்சம் டாலருக்கும் ஆண்டுக்கு 30 டாலரைத் தாண்டாது என்று மாவட்டம் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். தொடக்கம் முதல் உயர்நிலை வரை ஒரே மாவட்டமாக இருந்தால் அந்த வரம்பு 60 டாலர். உங்கள் வீடு 16 லட்சம் டாலராக மதிப்பிடப்பட்டிருந்தால், முழு 30 டாலர் விகிதத்தில் ஆண்டுக்கு 480 டாலர், மாதத்துக்கு 40 டாலர் வரும். 1985-இல் வீடு வாங்கி அங்கேயே இருந்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரரின் மதிப்பீடு 2,40,000 டாலராக இருக்கலாம். அவருக்கு அதே விகிதத்தில் 72 டாலர்தான். இரண்டு வீடும் ஒரே அளவு, ஒரே தெரு. உங்கள் வரிச்சீட்டு உங்களை உறுத்துகிறது என்றால் அதன் உண்மையான காரணம் இந்த ஏற்றத்தாழ்வுதான். அது நியாயமான வருத்தம்; அதை யாரும் மழுப்பக் கூடாது. ஆனால் அந்த அநீதி 1978-இல் உண்டானது. ஆறு வயதுப் பிள்ளையின் வகுப்பறையை மறுப்பதால் அது சரியாகாது.

ஒரு நுணுக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 30 டாலர் என்பது ஒரு தீர்மானத்துக்கான வரம்பு. அதே மாவட்டத்தில் பத்தாண்டுக்கு முன் நிறைவேறிய பாண்டின் கடன் இன்னும் அடைபடாமல் இருந்தால் அதுவும் இதுவும் கூடும். உயர்நிலைப் பள்ளி மாவட்டமும் சமுதாயக் கல்லூரி மாவட்டமும் தனித்தனியே பாண்ட் வைத்திருந்தால் அவையும் கூடும். உங்கள் வரிச்சீட்டை எடுத்துப் பாருங்கள். 1 விழுக்காட்டு அடிப்படை வரிக்கு அடுத்து ஒவ்வொன்றும் தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கும். பழைய பாண்ட் எந்த ஆண்டில் தீர்கிறது என்பதை மாவட்டத்திடம் கேட்டால் சொல்வார்கள். பல மாவட்டங்கள் பழையது தணியும் நேரம் பார்த்துப் புதியதை வைக்கின்றன. "வரி விகிதம் உயராது" என்று அவர்கள் சொல்வதற்கு அதுதான் பொருள். ஆனால் புதிய பாண்ட் இல்லையென்றால் அந்த விகிதம் குறைந்திருக்கும் என்பதும் உண்மை.

இப்போது பணம் எதற்குத் தேவைப்படுகிறது என்பதைப் பார்ப்போம். வளைகுடாப் பகுதியின் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை 1950-களிலும் 60-களிலும், போருக்குப் பின் குடும்பங்கள் பெருகிய காலத்தில் கட்டப்பட்டவை. அவை கட்டப்பட்டபோது வகுப்பறையில் கணினி இல்லை, மின்சாரத் தேவை குறைவு, செப்டம்பரில் இன்று அடிக்கும் வெயிலும் இல்லை. மாணவர் பெருகப் பெருக, விளையாட்டுத் திடலின் ஓரத்தில் போர்ட்டபிள் எனப்படும் பெயர்த்து வைக்கக்கூடிய அறைகளைக் கொண்டு வந்து இறக்கினார்கள். தற்காலிகம் என்று வந்தவை முப்பது ஆண்டுகளாக அங்கேயே நிற்கின்றன.

குழுவில் சேர்ந்த முதல் மாதத்தில் அப்படிப்பட்ட ஓர் அறைக்குள் நாங்கள் சென்றோம். 24 அடிக்கு 40 அடி, மொத்தம் 960 சதுர அடி. கலிஃபோர்னிய விதி ஒரு சாதாரண வகுப்பறைக்குக் கேட்கும் அளவு அதுதான், ஆகவே காகிதத்தில் குறை ஒன்றும் இல்லை. வாசலுக்கு ஏறும் சரிவுப் பாதையின் பலகை மழையில் ஊறி, காலை வைத்தால் அமுங்கியது. உள்ளே சுவரில் பொருத்திய ஏசி இயந்திரம் லாரி எஞ்சின் போல உறுமிக்கொண்டிருந்தது. இரண்டாம் வகுப்பு ஆசிரியை கதை வாசிக்கத் தொடங்கும் முன் எழுந்து போய் அதை நிறுத்தினார், பத்து நிமிடத்தில் பிள்ளைகள் சட்டைக் கழுத்தை இழுத்து விசிறிக்கொள்ளத் தொடங்கியதும் எழுந்து போய் மறுபடி போட்டார், போட்டதும் பின் வரிசைப் பிள்ளைகள் "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் நான்கு முறை எழுந்தார். நாள் முழுவதும் இப்படித்தானா என்று நான் கேட்டபோது, எதைக் கேட்கிறேன் என்பதே அவருக்கு உடனே புரியவில்லை. அவ்வளவு பழகியிருந்தது.

இது என் மன உறுத்தல் மட்டும் அல்ல. 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை வெப்பநிலையோடு ஒப்பிட்டது. குளிர்சாதன வசதி இல்லாத பள்ளிகளில், பள்ளி ஆண்டு ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதலாகச் சூடாக இருந்தால் அந்த ஆண்டின் கற்றலில் ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது என்றும், வசதி உள்ள பள்ளிகளில் அந்த இழப்பு பெரும்பாலும் இல்லை என்றும் அது கண்டது. அதே 2020-இல் அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் நாடு முழுவதையும் பார்த்து, ஏறத்தாழ 41 விழுக்காட்டுப் பள்ளி மாவட்டங்கள் தங்கள் பள்ளிகளில் பாதியிலாவது வெப்பமூட்டும், குளிரூட்டும், காற்றோட்ட அமைப்புகளை மாற்றவோ புதுப்பிக்கவோ வேண்டிய நிலையில் உள்ளன என்று அறிவித்தது. அதன் பிறகு பல மாநிலங்களின் பள்ளிப் பாண்டுகளை ஒப்பிட்ட பொருளியல் ஆய்வாளர்கள் இன்னும் கூர்மையான ஒன்றைச் சொன்னார்கள்: காற்றோட்டத்தைச் சீர்செய்வதற்கும் நச்சுப் பொருள்களை அகற்றுவதற்கும் செலவிட்ட பாண்டுகள் மதிப்பெண்ணை உயர்த்தின, விளையாட்டரங்கங்களுக்குச் செலவிட்டவை வீட்டு விலையை உயர்த்தினவே தவிர, மதிப்பெண்ணை உயர்த்தவில்லை. ஆகவே தீர்மானத்தின் முழு வாசகத்தில் வேலைப் பட்டியலைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியவை கூரை, காற்றோட்டம், மின்கம்பி, குடிநீர்க் குழாய், கல்நார் அகற்றல் என்ற சொற்கள். அவை முன்னால் இருந்தால் எனக்கு நம்பிக்கை வருகிறது.

தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டும் உரிய இன்னொரு தேவையும் அண்மையில் சேர்ந்திருக்கிறது. 2021-இல் கலிஃபோர்னியா இயற்றிய சட்டப்படி, நான்கு வயதுப் பிள்ளைகள் அனைவருக்கும் மழலையர் முன்வகுப்பு 2025–26 கல்வியாண்டு முதல் முழுமையாகத் திறக்கப்பட்டுள்ளது. நான்கு வயதுப் பிள்ளை கழிப்பறைக்கு நூறு அடி நடந்து போய்த் திரும்பி வர முடியாது. அதனால் மழலையர் அறைக்கு விதி வேறு: கழிப்பறையும் பொருள் வைக்கும் இடமும் உட்பட 1,350 சதுர அடி. 960 சதுர அடிப் போர்ட்டபிளில் அதை நுழைக்க இயலாது. சட்டம் பிள்ளைகளைக் கொண்டு வந்துவிட்டது. அறை இன்னும் வரவில்லை.

"மாணவர் எண்ணிக்கைதான் குறைகிறதே, எதற்குக் கட்டுவது?" என்று அடுத்து கேட்பீர்கள். குறைவது உண்மை. மாநிலத்தில் அரசுப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ 62 லட்சத்திலிருந்து 58 லட்சத்துக்கு இறங்கிவிட்டார்கள். வீட்டு விலை உயர்ந்த ஊர்களில் இறக்கம் இன்னும் அதிகம். ஆகவே, இருக்கும் பள்ளிகளை முழுதும் வைத்துக்கொண்டு மேலும் கட்டுவோம் என்று ஒரு மாவட்டம் சொன்னால் நானே எதிர்த்து வாக்களிப்பேன். உங்கள் மாவட்டத்தின் கட்டட வளர்ச்சித் திட்டத்தைக் கேட்டு வாங்கி, அடுத்த பத்தாண்டு மாணவர் கணிப்பு அதில் இருக்கிறதா, எந்தப் பள்ளிகளை ஒன்றிணைக்கப் போகிறார்கள் என்று பாருங்கள். ஆனால் பிள்ளை குறைந்துவிட்டது என்பதற்காக, எஞ்சியிருக்கும் பிள்ளைகள் ஒழுகும் கூரையின் கீழ் உட்கார வேண்டும் என்பதில்லை. குறைந்த எண்ணிக்கைதான் போர்ட்டபிள்களை அகற்றி, எல்லாரையும் நிலையான கட்டடத்துக்குள் கொண்டுவர நல்ல நேரம்.

செலவு ஏன் இவ்வளவு என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1933 மார்ச் 10 மாலை 5:54-க்கு லாங் பீச் நகரை உலுக்கிய நிலநடுக்கத்தில் அப்பகுதியில் 70 பள்ளிகள் இடிந்தன. மாலை நேரம் என்பதால் வகுப்பறைகள் காலியாக இருந்தன. மூன்று மணி நேரம் முன்னதாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. ஒரே மாதத்தில் ஃபீல்ட் சட்டம் பிறந்தது. அன்று முதல் கலிஃபோர்னியாவில் அரசுப் பள்ளிக் கட்டடத்தின் வரைபடத்தை மாநிலக் கட்டடக் கலைஞர் பிரிவு சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். கட்டும்போது தகுதி பெற்ற ஆய்வாளர் தளத்திலேயே தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். தனியார் அலுவலகக் கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பள்ளிக்கு மட்டும் ஏன் இத்தனை டாலர் என்று கேட்பவர்களுக்கு விடையின் பெரும்பகுதி இதில் இருக்கிறது. இந்தச் செலவைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆயினும் பணம் வீணாகும் இடங்கள் உண்டு; குழுவில் நான் கற்றதில் பாதி அதுதான். மிகப் பெரிய ஆபத்து கடனின் அமைப்பில் இருக்கிறது. சான் டியேகோவுக்கு அருகிலுள்ள பொவே பள்ளி மாவட்டம் 2011-இல் 105 மில்லியன் டாலர் கடன் வாங்கியது. முதல் இருபது ஆண்டுகள் எதுவும் கட்ட வேண்டாம், வட்டி அசலோடு சேர்ந்துகொண்டே போகும் என்பது ஏற்பாடு. திருப்பிக் கட்ட வேண்டிய மொத்தம் ஏறத்தாழ 1 பில்லியன் டாலர். அந்தச் செய்தி மாநிலத்தையே உலுக்கியது. 2013-இல் இயற்றிய சட்டம் இத்தகைய பாண்டுகளுக்கு அதிகபட்சம் 25 ஆண்டு என்றும், திருப்பிக் கட்டும் மொத்தத் தொகை அசலைப் போல் நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது என்றும் வரையறுத்தது. நான்கு மடங்கே அதிகம் என்பது என் எண்ணம். மாவட்டம் ஆண்டுதோறும் வட்டி கட்டிவரும் சாதாரணப் பாண்டுகளை மட்டும் வெளியிடும் என்று எழுத்தில் உறுதி தருகிறதா என்று கேளுங்கள். வாக்காளர் கையேட்டில் வரி விகித அறிக்கை என்று ஒரு பக்கம் இருக்கும். அசலும் வட்டியும் சேர்ந்த மொத்தத் தொகை அதில் அச்சாகியிருக்கும். பலர் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

இரண்டாவது, பொருளின் ஆயுள். முப்பது ஆண்டுகள் கட்டும் கடனில் நான்கு ஆண்டுகளில் பழசாகும் கருவிகளை வாங்குவது தவறு. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் 2013-இல் பாண்ட் பணத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஐபேட் என்று தொடங்கி அடுத்த ஆண்டே கைவிட்டது. ஆனால் 1997 முதல் அதே மாவட்டம் அடுத்தடுத்த பாண்டுகளால் 131 புதிய பள்ளிகளைக் கட்டி, இடமில்லாமல் பிள்ளைகளை முறை வைத்து ஆண்டு முழுவதும் சுழற்றிய அட்டவணையை ஒழித்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் புதிய பள்ளிகளில் சேர்ந்த மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்ததைப் பின்னர் வந்த ஆய்வு உறுதி செய்தது.

மாநிலத்தின் பங்கையும் கணக்கில் சேருங்கள். 2024 நவம்பரில் வாக்காளர்கள் நிறைவேற்றிய 2-ஆம் முன்மொழிவு 10 பில்லியன் டாலர் மாநிலப் பாண்டுக்கு ஒப்புதல் தந்தது, அதில் 8.5 பில்லியன் பள்ளிகளுக்கு. புதுப்பிக்கும் வேலைக்கு மாநிலம் 60 முதல் 65 விழுக்காடு வரையும், புதிய கட்டடத்துக்கு 50 முதல் 55 விழுக்காடு வரையும் தருகிறது. ஆனால் பொதுவாக மாவட்டம் தன் பங்கைத் தானே திரட்ட வேண்டும். உள்ளூர்ப் பாண்ட் தோற்ற ஊருக்கு அந்தப் பங்கைத் திரட்டுவது கடினம். திரட்ட முடியாவிட்டால், அவ்வூரார் கட்டும் மாநில வரி, பாண்ட் நிறைவேறிய ஊர்களின் பள்ளிகளுக்குப் போகும்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்தியது: "என் பிள்ளைகள் படித்த பள்ளிதான் இது." அந்தப் பள்ளியில் அவர்கள் உட்கார்ந்திருந்த கட்டடத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள்? 1960-களில் அந்த ஊரில் வீடு வைத்திருந்தவர்கள். உங்கள் பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள், என்ன மொழி பேசுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. 2019-இல் இந்தியாவிலிருந்தோ வேறெங்கிருந்தோ வந்து, இன்னும் வாக்குரிமை கிடைக்காமல், வாடகையின் வழியாக இந்த வரியைக் கட்டிக்கொண்டிருக்கும் இளம் பெற்றோர்கள் இப்போது அந்தப் பள்ளி வாசலில் நிற்கிறார்கள். அவர்களால் பள்ளி வாரியக் கூட்டத்தில் எழுந்து பேச முடியும். வாக்குச்சீட்டில் குறியிட முடியாது. உங்களால் முடியும்.

வாக்குச்சீட்டு, தேர்தலுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே தபாலில் வந்துவிடும். உள்ளூர்த் தீர்மானங்கள் கடைசியில் இருப்பதால் பலர் அங்கே வருவதற்குள் களைத்து வெறுமையாக விட்டுவிடுகிறார்கள், அதிலிருந்து தொடங்குங்கள். தீர்மானம் நிறைவேறினால் கண்காணிப்புக் குழுவுக்கு மாவட்டம் விண்ணப்பம் கேட்கும். குழுவில் ஓர் இடம் மூத்த குடிமக்கள் அமைப்பைச் சேர்ந்தவருக்கும், ஓர் இடம் வரி செலுத்துவோர் சங்கத்தைச் சேர்ந்தவருக்கும் சட்டத்தாலேயே ஒதுக்கப்பட்டிருக்கிறது. மாவட்ட ஊழியரோ ஒப்பந்தக்காரரோ உள்ளே வர முடியாது. நான் இருந்த குழுவில் வரி செலுத்துவோர் இடம் ஓராண்டுக்கு மேல் காலியாகவே கிடந்தது. ஒரு பள்ளியில் சுவரைத் திறந்தபோது உள்ளே மரம் உளுத்துப்போயிருந்ததாகச் சொல்லி ஒப்பந்தக்காரர் கூடுதல் தொகை கேட்ட நாளில், அந்த நாற்காலியில் உங்களைப் போல ஒவ்வொரு டாலரையும் கேள்வி கேட்கும் ஒருவர் இல்லையே என்று நான் வருந்தினேன். உளுத்த மரத்தின் படம் இருந்தது; எத்தனை அடி மாற்றினார்கள் என்ற அளவு இல்லை. அதைக் கேட்டு வாங்க எங்களுக்கு மூன்று கூட்டங்கள் ஆயின. பதவிக்காலம் குறைந்தது இரண்டு ஆண்டுகள். விண்ணப்பம் வரும்போது எனக்கு எழுதுங்கள், நிரப்புவதற்கு உதவுகிறேன்.